நிழலுக்கு மருந்து கொடுக்கலாமா?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

எங்கள் பகுதியில் ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை என்றால், ஊரார் அதற்கு இரண்டில் ஒரு பெயரை வைத்துவிடுவார்கள். ஒன்று காசம், மற்றொன்று புற்று. டீக்கடையில் ஒரு பெயர், குழாயடியில் ஒரு பெயர் என்று நோயாளியின் காதுக்கு எட்டும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கக்கூடும் என்று எவரும் எண்ணுவதில்லை. அந்த மூன்றாவது பெயர் சார்காய்டோசிஸ். அதையும், புற்றுநோயோடு அதற்குள்ள விந்தையான உறவையும் பற்றி இங்கே எழுத முற்படுகிறேன்.

மருத்துவம் பயிலாத ஒரு வேதியியல் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். நோய்க்கு மருந்து சொல்ல நான் வரவில்லை. நோய்க்குப் பெயர் வைப்பதில் நாம் காட்டும் அவசரத்தைப் பற்றியே சொல்ல வருகிறேன். அந்த அவசரத்தில் நானும் ஒரு குற்றவாளி. ஆகவே எழுதும் உரிமை எனக்கு ஓரளவு உண்டு என்றே நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் பெரியம்மா சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையில் ஒரு பட்டாசு ஆலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் வேலை. மாலையில் ஆலை வேனிலிருந்து இறங்கும்போது கை, முகம், புருவம் எல்லாம் வெள்ளி பூசியது போல் மின்னும். சிறுவர்களாகிய நாங்கள் அவரை ‘வெள்ளிப் பெரியம்மா’ என்று கேலி செய்வோம். அவரும் சிரிப்பார். அந்த வெள்ளி அலுமினியப் பொடி என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

2022-ஆம் ஆண்டு அவருக்கு வறட்டு இருமல் தொடங்கியது. பின்னர் மூச்சு வாங்கியது. நாலு குடம் தண்ணீர் எடுத்தால் உட்கார்ந்துவிடுவார். எக்ஸ்ரே எடுத்ததில் நெஞ்சின் நடுவே இருபுறமும் நெறிக்கட்டிகள் வீங்கியிருந்தன. நுரையீரலில் புள்ளி புள்ளியாக நிழல் தெரிந்தது. சளியை இருமுறை சோதித்தும் கிருமி இல்லை. ஆனாலும் “படத்தைப் பார்த்தால் காசம் மாதிரிதான் இருக்கிறது” என்று சொல்லி ஆறு மாத மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். பெரியம்மா ஒரு வேளை தவறாமல் விழுங்கினார். ஆறு மாதமும் முடிந்தது. இருமல் மட்டும் முடியவில்லை.

பிறகு ஸ்கேன் எடுத்தோம். இரண்டு பக்க அறிக்கை, முழுவதும் ஆங்கிலம். எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டியவர் எவரும் இல்லை. மேல்நிலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் கையில் அதைக் கொடுத்து, “என்ன போட்டிருக்கான்னு பாருப்பா” என்றார் பெரியப்பா. நான் வரி வரியாகப் படிக்கவில்லை. கண்ணில் பட்டது ஒரே ஒரு சொல்: லிம்போமா. அகராதியில் பார்த்தேன். நெறிக்கட்டிகளில் வரும் புற்றுநோய் என்றிருந்தது. அப்படியே வாசித்துச் சொல்லிவிட்டேன்.

அன்றிரவு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. மறுநாளே பெரியப்பா பெரியம்மாவின் தோட்டை அடகு வைத்தார். அக்காவின் திருமணத்தை இரண்டு மாதம் முன்னதாக நடத்திவிட வேண்டுமென்று மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசப் போனார். பெரியம்மா எதுவும் பேசவில்லை. தன் சேலைகளை மடித்து, யாருக்கு எது என்று பிரித்து வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து மதுரையில் ஒரு மருத்துவர் அதே அறிக்கையைப் படித்தார். “காசநோய், சார்காய்டோசிஸ், லிம்போமா மூணுல எதுவாகவும் இருக்கலாம், சதை எடுத்துப் பார்த்துத்தான் சொல்லணும்னு தெளிவா எழுதியிருக்காங்களே. கேன்சர்னு யாரு சொன்னது?” என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அடுத்து அவர் பெரியம்மாவிடம், “என்னம்மா வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார். பத்து மாதங்களில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மருத்துவர் அவர்தாம்.

மூச்சுக்குழல் வழியாகக் குழாய் செலுத்தி, நெறிக்கட்டியிலிருந்து துளி சதை எடுத்தார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. புற்றணுக்கள் இல்லை. காசக் கிருமியும் இல்லை. சார்காய்டோசிஸ்.

பெயரிலேயே உள்ள குழப்பம்

நான் செய்த தவறு எனக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். அந்த நோயின் பெயரே அப்படி ஒரு குழப்பத்தில் பிறந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் இந்நோயின் தோல் தடிப்புகளை முதன்முதலில் விவரித்தார். 1899-இல் நார்வே நாட்டுத் தோல் மருத்துவர் சீசர் போக், அத்தகைய தடிப்பின் சதையை நுண்ணோக்கியில் பார்த்தார். ‘சார்கோமா’ என்னும் சதைப்புற்றை ஒத்திருக்கிறது, ஆனால் தீங்கற்றது என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே ‘சார்காய்டு’, அதாவது ‘சார்கோமா போன்றது’ என்று பெயரிட்டார். புற்றுநோயைப் போன்றது, ஆனால் புற்றுநோய் அன்று என்பதே அப்பெயரின் பொருள். நூறாண்டுக்கு மேலாகியும் அந்தப் ‘போன்றது’ என்ற சொல்லில்தான் நோயாளிகள் இடறி விழுகிறார்கள்.

இது ஏதோ குளிர்நாட்டு நோய், நமக்கு வராது என்றும் சொல்ல இயலாது. 1957-ஆம் ஆண்டிலேயே சென்னை மருத்துவர் ஆர். வி. ராஜமும் அவருடைய சகாக்களும் இந்நோயைப் பற்றி நோயாளி ஒருவரின் விவரத்தோடு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். எனவே நம் நாட்டில் இந்நோய் காசத்தின் நிழலில் மறைந்து கிடக்கிறது. நம் நாட்டுச் சார்காய்டோசிஸ் நோயாளிகளில் பலர் முதலில் காச மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தவர்களே.

ஒன்றுபோல் தோன்றும் மூன்று

சார்காய்டோசிஸில் என்ன நடக்கிறது? உடலின் காவல் அணுக்கள், எதையோ பகையென்று கருதி, ஓரிடத்தில் திரண்டு சிறுசிறு உருண்டைகளாகக் கட்டிக்கொள்கின்றன. நொய்யரிசிக் குருணையளவுகூட இல்லாத நுண்ணிய கட்டிகள். இவற்றைக் குருணைக்கட்டிகள் என்று சொல்வோம். பெரும்பாலும் இவை நுரையீரலிலும் மார்பு நெறிக்கட்டிகளிலும் தோன்றும். கண், தோல், கல்லீரல், இதயம் ஆகியவற்றிலும் வரலாம். காசத்திலும் இதே குருணைக்கட்டிகள் உண்டு. அங்கே நடுப்பகுதி அழுகித் தயிர்க்கட்டி போலாகும், கிருமியும் இருக்கும். சார்காய்டோசிஸில் அந்த அழுகலும் இல்லை, கிருமியும் இல்லை.

எக்ஸ்ரே இந்த வேறுபாட்டைக் காட்டாது. அது நிழற்படம். வீங்கிய நெறிக்கட்டியின் நிழல்தான் அதில் விழுமே தவிர, வீங்கியது எதனால் என்பது விழாது. அதைவிட விலையுயர்ந்த பெட் ஸ்கேனும் இவ்விடத்தில் ஏமாந்துபோகும். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை உடலில் செலுத்தி, எங்கே சர்க்கரை மிகுதியாகச் செலவாகிறது என்று பார்ப்பதே அந்தச் சோதனை. புற்றணு சர்க்கரையை வாரி விழுங்கும். பகைவரோடு போராடும் காவல் அணுவும் அப்படியே விழுங்கும். ஆகவே திரையில் இரண்டும் விளக்குப் போல ஒளிரும். பல்லாயிரம் ரூபாய் செலவழித்து எடுத்த படத்தில் உடலெங்கும் விளக்கெரிவதைக் கண்டு, புற்று பரவிவிட்டது என்று ஒரு குடும்பம் இடிந்துபோனால் அதில் வியப்பென்ன?

சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே வழி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில புற்றுநோயாளிகளுக்கு, புற்றின் அருகிலுள்ள நெறிக்கட்டிகளில், புற்றணு இல்லாமலே குருணைக்கட்டிகள் தோன்றுகின்றன. நூறு புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரிடம் இது காணப்படுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு நெறிக்கட்டியில் குருணையைக் கண்டவுடன், புற்று இல்லை என்று கைகழுவிவிடவும் கூடாது. புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவருக்கு நெறிக்கட்டி மீண்டும் வீங்கினால், புற்று திரும்பிவிட்டது என்று சதை பாராமல் முடிவுகட்டவும் கூடாது. உடலின் காவலைத் தூண்டிவிட்டுப் புற்றை எதிர்க்கும் புதுவகை மருந்துகள் 2011 முதல் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. அவற்றால் தூண்டப்பட்ட காவல் அணுக்களும் சிலரிடம் இதேபோன்ற குருணைக்கட்டிகளை உண்டாக்குகின்றன. மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே, புற்று வளர்கிறது என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடும் ஆபத்து அங்கே இருக்கிறது.

மருந்திலும் அதே குழப்பம்

சார்காய்டோசிஸ் வந்தவர்களில் கணிசமானோர் மருந்தே இல்லாமல் குணமடைகிறார்கள். மருந்து தேவைப்படுவோர்க்கு முதலில் தருவது பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை. அது காவல் அணுக்களின் கோபத்தைத் தணிக்கும். ஆனால் நோய் காசமாக இருந்து, காச மருந்தின்றி இதை மட்டும் கொடுத்தால், காவலரைத் தூங்க வைத்துவிட்டுக் கள்வனுக்குக் கதவைத் திறந்துவிட்டது போலாகும். நோய் லிம்போமாவாக இருந்தால், இதே மாத்திரை கட்டியைச் சில காலம் சுருக்கிவிடும். நோயாளி தேறியதுபோல் தோன்றும். பிறகு சதை எடுத்தாலும் உண்மை எளிதில் புலப்படாது. மருந்து கொடுத்துப் பார்ப்போம், கேட்டால் அதுதான் நோய் என்ற வழக்கம் இங்கே எத்தனை ஆபத்தானது என்பது இதிலிருந்து விளங்கும்.

பெரியம்மாவுக்கு ஸ்டீராய்டால் சர்க்கரை கூடியதால், அதைக் குறைத்துக்கொண்டே மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரையைச் சேர்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “இது கேன்சர் மாத்திரையாச்சே” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். எல்லாரும் சேர்ந்து தன்னிடம் மறைக்கிறார்கள் என்று எண்ணிப் பெரியம்மா மூன்று வாரம் அதைத் தொடவில்லை. கடைக்காரர் சொன்னது பொய்யுமன்று. அம்மருந்து புற்றுநோய்க்காகவே உருவானது. நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையிலான ஆய்வுக்கூடத்தில், 1940-களில் பிறந்த மருந்து அது. பெரிய அளவில் கொடுத்தால் புற்றணுவைக் கொல்லும். சிறிய அளவில், வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கொடுத்தால் காவல் அணுக்களை அமைதிப்படுத்தும். நாள்தோறும் தவறுதலாக விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, எந்தக் கிழமை என்றும் குறித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். முன்பு அரைகுறையாகப் படித்துச் சொன்னதற்கு நான் செய்த பரிகாரம் அது.

நம் மண்ணின் தூசி

அந்த மருத்துவர், “என்ன வேலை?” என்று கேட்டதன் பொருள் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அமெரிக்காவிலும் ஒரு சேலம் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள அந்நகரத்தில் 1940-களில் குழல் விளக்கு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண்கள் பலருக்கு நுரையீரல் நோய் கண்டது. சதையைப் பார்த்தால் சார்காய்டோசிஸ் போலவே இருந்தது. ‘சேலம் சார்காய்டு’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஹேரியட் ஹார்டி என்னும் பெண் மருத்துவர் அவர்களுடைய வேலையை ஆராய்ந்து, 1946-இல் உண்மையை வெளிப்படுத்தினார். விளக்கின் உட்பூச்சில் இருந்த பெரிலியம் என்னும் உலோகத்தின் தூசியே காரணம். 1949-இல் விளக்கு உற்பத்தியாளர்கள் பெரிலியத்தைக் கைவிட்டார்கள். இன்றும் பெரிலிய நோயையும் சார்காய்டோசிஸையும் நுண்ணோக்கியால் பிரித்தறிய முடியாது. வேலை என்னவென்று கேட்டுவிட்டு, அதற்குரிய இரத்தச் சோதனையைச் செய்தாலன்றி விடை கிடைக்காது.

நம் பட்டாசு மருந்தில் சேர்வது பெரிலியம் அன்று, அலுமினியம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனியில், வெடிபொருளுக்கான மென்தகட்டு அலுமினியப் பொடி செய்த தொழிலாளர்களின் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கியதை அக்காலத்திலேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 1987-இல் பெல்ஜிய நாட்டு மருத்துவர்கள், உலோகத் தூசியில் பணிபுரிந்த ஒருவருக்குச் சார்காய்டோசிஸ் போன்ற நோய் கண்டதை வெளியிட்டார்கள். அவருடைய நுரையீரல் குருணைக்கட்டிகளில் அலுமினியத் துகள்கள் இருந்தன. 2001-இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் இடிந்த புழுதியில் பணிபுரிந்த தீயணைப்பு வீரர்களிடையே, அடுத்து வந்த ஆண்டுகளில் சார்காய்டோசிஸ் முன்னைவிட மிகுந்து காணப்பட்டது.

இதைக் கொண்டு, பெரியம்மாவின் நோய் பட்டாசுத் தூசியால்தான் வந்தது என்று நான் தீர்ப்பெழுதவில்லை. அப்படி எழுதினால் அதுவும் இன்னொரு நிழலுக்குப் பெயர் வைத்ததாகிவிடும். ஆனால் வேலையைக் கேட்காமலும், கேட்டதை எழுதி வைக்காமலும் இருந்தால், எந்த நாளிலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கப்போவதில்லை. வெடி விபத்தில் இறந்தவரின் கணக்கு அன்று மாலையே செய்தியில் வந்துவிடுகிறது. இருபதாண்டுத் தூசியைச் சுவாசித்தவரின் கணக்கு எந்த ஏட்டில் இருக்கிறது?

மறுப்பும் விடையும்

காசம் மிகுந்த நாட்டில் முதலில் காசத்தைச் சந்தேகிப்பது தவறா என்று கேட்கலாம். தவறன்று, அதுவே முறை. சந்தேகிப்பது வேறு, சோதித்து உறுதிப்படுத்தாமல் ஆறு மாதம் மருந்து கொடுத்துவிட்டு ஓய்வது வேறு என்பதே என் வாதம். சில மணி நேரத்தில் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் சோதனை இன்று அரசு காசநோய்த் திட்டத்தில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. அதிலும் கிருமி இல்லை, இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டும் தேறவில்லை என்றால், சதையெடுத்துப் பார்க்க நோயாளியை அனுப்ப வேண்டாமா?

எங்கள் தெருவில் லாரி ஷெட்டில் சுமை தூக்கிய ஒரு மாமா இருந்தார். பீடிப் பழக்கம் உள்ளவர். அவருக்கும் நிழலைப் பார்த்தே காச மாத்திரை கொடுத்தார்கள். ஒன்பது மாதம் கழித்துச் சதை எடுத்தபோது நுரையீரல் புற்று. அறுவை சிகிச்சைக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள். அடுத்த தைப் பொங்கலுக்கு அவர் இல்லை. புற்று இல்லாத பெரியம்மாவுக்குப் புற்று என்று பெயர் வைத்தோம். புற்று இருந்த மாமாவுக்குக் காசம் என்று பெயர் வைத்தோம். இரண்டு வீட்டிலும் தவறு ஒன்றே.

கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்று நம் மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த மாமாவின் வீட்டிலும் அதைச் சொல்லித்தான் முதலில் சதை எடுக்க மறுத்தார்கள். மருத்துவர் முறைப்படி ஊசியாலோ குழாயாலோ சதை எடுப்பதால் புற்று பரவும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்றே சொல்லலாம். மிக அரிதான சில இடங்களில் எச்சரிக்கை தேவைப்படும், அதை மருத்துவர் அறிவார். எடுக்காமல் கடத்தும் மாதங்களில் புற்று வளர்வதே நாம் அஞ்ச வேண்டியது.

நாம் செய்யக்கூடியது

நோயை ஆராய்ந்து, அதன் மூலத்தையும் ஆராய்ந்து, பிறகே மருத்துவம் செய்யச் சொன்னார் வள்ளுவர். நிழலைப் பார்ப்பது ஆராய்ச்சியன்று, அது ஆராய்ச்சியின் தொடக்கம். விருதுநகரில் 2022-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. மதுரைக்குப் போகாமலே பல சோதனைகள் செய்துகொள்ளும் காலம் வந்திருக்கிறது. அரசுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: இம்மாவட்டத்தின் ஓ.பி. சீட்டில் பெயர், வயது ஆகியவற்றோடு தொழில், எத்தனை ஆண்டு, எந்தத் தூசி என்று ஒரு வரி சேருங்கள். அச்சடிக்க அதிக மை செலவாகாது.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். ஆங்கில அறிக்கை வந்தால் அது நம் கைக்குத்தான் வரும். வீட்டார் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் தெரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள். கடைசி வரி வரை படியுங்கள். ‘இருக்கலாம்’ என்ற சொல்லை ‘இருக்கிறது’ என்று மொழிபெயர்க்காதீர்கள். புரியாவிட்டால், புரியவில்லை, டாக்டரையே கேட்போம் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதில் இழிவில்லை. பழைய எக்ஸ்ரேக்களையும் சதைச் சோதனை முடிவையும் ஒரு கோப்பில் தேதிவாரியாக வையுங்கள். நோயாளி என்ன வேலை பார்த்தார் என்பதை, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

பெரியம்மா இப்போது ஆலைக்குப் போவதில்லை. வீட்டில் பூக்கட்டி விற்கிறார். மாடிப்படி ஏறினால் சற்றே மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அடகு வைத்த தோட்டை மீட்டாகிவிட்டது. அக்காவின் திருமணம் முதலில் குறித்த முகூர்த்தத்திலேயே நடந்தது. பந்தலில் பெரியம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “அன்னைக்கு நீ வாசிச்சதை நம்பியிருந்தா இந்தப் பந்தல்ல எனக்கு மாலை போட்டுப் படமாத்தானப்பா வச்சிருப்பாங்க” என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. இனி எந்த அறிக்கையையும் முழுவதும் படிக்காமல் வாய் திறப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.